அக்காவைப் படம் பிடித்தவர்கள்

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். பிலிம் ரோல் என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளக்க ஆரம்பித்தால் கதை அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு நினைவிருக்கும்: கறுப்பு டப்பி, சாம்பல் நிற மூடி, திறந்தால் ‘டப்’பென்று ஒரு சத்தம், உள்ளே லேசாகப் புளித்த மருந்து வாசனை. சுற்றுலா வந்தவர்கள் ரோலைக் கேமராவில் மாட்டிவிட்டு டப்பியை ஏரிக்கரையில் எறிந்துவிட்டுப் போவார்கள். கொடைக்கானலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய சொத்து. ஊக்கு, பாசிமணி, திருடிய சீனி எல்லாம் அதற்குள்தான்.

என்னிடம் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தது. பாதிக்கு மேல் அக்கா பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தவை. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. ஐப்பசி மழையில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் புகை எழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அக்கா குத்தவைத்து உட்கார்ந்து டப்பிகளை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தி அழுதேன். அவள் என்னைத் திட்டவில்லை. கரி படிந்த கையால் என் தலையைத் தடவினாள்.

“எல்லாத்துலயும் நாந்தான் இருக்கேன் பாப்பா. வெளிய தெரிஞ்சா அசிங்கம்.”

“வெறும் டப்பிதானக்கா.”

“ஒனக்குத் தெரியாது.”

எங்கள் வீடு ஏரிக்குக் கீழே இறங்கும் சரிவில் இருந்தது. தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். அப்பா அதை லயம் என்றுதான் சொல்வார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவனாகக் கப்பலேறி வந்தவர். டீயைக் கடைசிவரை தேத்தண்ணி என்றுதான் கேட்டார். மரம் வெட்டும் கூட்டத்தோடு கூலிக்குப் போவார். அம்மா காரட் காட்டிலும் பூண்டுக் காட்டிலும் களை எடுப்பாள். ஊர்க்காரர்கள் எங்களைச் சிலோன்காரங்க என்பார்கள். அந்த வரிசையில் பிளஸ் டூ பாஸ் பண்ணிய முதல் பெண் என் அக்கா. மிஷன் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் பேசுவாள். அதற்காகவே பஜாரில் சாக்லேட் செய்து விற்கும் கடையில் அவளை வேலைக்கு எடுத்தார்கள். வடக்கே இருந்து வருகிறவர்களிடம் அவள் பேசி விற்கும் அழகைப் பார்க்க நான் கடை வாசலில் நிற்பேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தாலே கோகோ வாசனை வரும். உடைந்த துண்டுகளை வெள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். சிரிப்பு மட்டும் கொஞ்சம் சத்தமாக இருக்கும். அம்மா அதற்குத் திட்டுவாள்.

அந்த மழைக்காலத்தில் முதலில் சிரிப்பு குறைந்தது. பிறகு மழை நின்ற பின்னும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள். பஜார் வழியை விட்டுவிட்டு, சறுக்கும் குறுக்குப் பாதையில் சுற்றி வந்தாள். “என்னையப் படம் புடிக்கிறாங்கம்மா” என்று ஒரு நாள் சொன்னாள்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “அழகா இருக்க, புடிச்சிருப்பான். நீ ஒன் சோலியப் பாரு” என்றாள்.

அதில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை. அதுதான் எங்கள் ஊரின் கோளாறு. வேறு ஊராக இருந்தால், ஒரு பெண் தன்னை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள் என்று சொன்னதும் வீட்டில் திடுக்கிட்டிருப்பார்கள். கொடைக்கானலில் திரும்பிய பக்கமெல்லாம் கேமராதான். மேகத்தைப் பிடிப்பார்கள், குதிரையைப் பிடிப்பார்கள், காரட் கழுவுகிற அம்மாவைக்கூடப் பிடித்திருக்கிறார்கள். அக்கா சொன்னது நோயின் பேச்சு என்று தெரிவதற்குள் மாதங்கள் போய்விட்டன.

குழாயடியில் வைத்துத்தான் இன்னொன்றை என்னிடம் சொன்னாள். குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது.

“என்னக்கா?”

“நான் என்ன செஞ்சாலும் ஒரு ஆளு சொல்லிக்கிட்டே இருக்கான் பாப்பா. இந்தா கொடத்த வைக்கிறா, இந்தா நிமிர்றா, இந்தா தங்கச்சிகிட்டச் சொல்றா. வாய மூடவே மாட்டேங்கிறான்.”

“ரேடியோல கிரிக்கெட் சொல்வாங்களே, அது மாதிரியா?”

அவள் முகம் மலர்ந்தது. “அதே மாதிரிதான். ஒனக்கும் கேக்குதா?”

நான் அவள் காதோடு என் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். அவள் காது சில்லென்று இருந்தது. தண்ணீர் விழும் சத்தமும் அவள் மூச்சும்தான் கேட்டன. “இல்லக்கா” என்றேன். அவள் தலையை மெதுவாக விலக்கிக்கொண்ட விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பிறகு அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டில் வேறு மாதிரி கணக்குப் போட்டார்கள். சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தனியாக முணுமுணுக்கிறாள், குளிப்பதில்லை. வயசுப் பெண் அப்படி இருந்தால் காதலாகத்தான் இருக்கும் என்று அம்மா முடிவு கட்டினாள். பஜாரிலிருந்து எங்கள் பக்கம் ஆள் ஏற்றிவரும் ஜீப் டிரைவர் சில நாட்களாக அக்காவை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனதைப் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார்கள். அது போதும். அப்பா ஜீப் நிற்கும் இடத்துக்கே போய், எல்லோர் முன்னாலும் அந்த டிரைவரைக் கன்னத்தில் அறைந்தார். நான் அப்பாவின் பின்னால் ஓடிப் போயிருந்தேன்.

டிரைவர் இருபத்தைந்து வயதுக்காரர். திருப்பி அடித்திருந்தால் அப்பா தாங்கியிருக்க மாட்டார். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அண்ணே, அந்தப் புள்ள ஜீப்புல தனியாப் பேசிக்கிட்டு வருதுண்ணே. வளைவுல ஒரு நா கதவத் தொறக்கப் போச்சு. எனக்குப் பயமாப் போயித்தான் வீடுவரைக்கும் கொண்டாந்து விட்டேன். அதுக்கு ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரியில காட்டுங்க.”

அந்தப் பருவம் முழுவதும் எங்களிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். “பொய் சொல்றான்” என்றார் அப்பா. அக்காவின் கடை வேலை அன்றோடு நின்றது.

கார்த்திகையில் அடிவாரத்துக்கு, அய்யம்பாளையம் பக்கம் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். வளைவுகளில் இறங்க இறங்கக் காது அடைத்தது, ஸ்வெட்டர் கசகசத்தது. தென்னந்தோப்புக்குள் ஒரு கொட்டகை. கோடாங்கி உடுக்கையை அடித்துக் குறி பார்த்து, ஏரியில் விழுந்து செத்த ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்றார். மிளகாயை நெருப்பில் போட்டார்கள். நான் வெளியே நின்றே இருமினேன். அக்காவை அந்தப் புகைக்கு நேராக உட்கார வைத்திருந்தார்கள். “பேரைச் சொல்லு, யாரு நீ?” என்று பிரம்பால் அடித்தார். அக்கா திரும்பத் திரும்பத் தன் பெயரையே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வது போல, இனிஷியலோடு சொன்னாள். அடி நிற்கவில்லை. கடைசியில் கோடாங்கியே எடுத்துக்கொடுத்த பெயரை ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். பேய் இறங்கிவிட்டது என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

இறங்கவில்லை. அடுத்து அப்பா பழனிக்கு வேண்டிக்கொண்டார். அக்காவுக்கு முட்டியைத் தொடும் முடி. முடி மண்டபத்தில் அது கொத்துக் கொத்தாக விழுந்தபோது அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அக்கா அழவில்லை. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, வெகு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இனிமே போட்டோவுல என்னைய அடையாளம் தெரியாது பாப்பா” என்று காதில் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அப்பா, “பாத்தியா, முருகன் கண்ணத் தொறந்துட்டான்” என்றார். திரும்பும் பஸ்ஸில் எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் வாங்கிக் கொடுத்தார்.

ஆங்கிலப் புத்தாண்டுக் கூட்டம் மலையை நிறைத்திருந்த நாளில் அது வெடித்தது. அம்மா விறகுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா ஏரிக்குப் போய்விட்டாள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி படகுத் துறையில் நின்று யாரையோ படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிப்போய் அந்தக் கேமராவைப் பிடுங்கி, பின் கதவைத் திறந்து, பிலிமை முழுவதும் வெளியே இழுத்துப் போட்டாள். புதுப்பெண் அழுதாள். மாப்பிள்ளை அக்காவைப் பிடித்துத் தள்ள, மொட்டைத் தலையோடு அவள் கீழே விழ, கூட்டம் திரண்டது. சுற்றி நின்றவர்களில் சிலர் அதையும் படம் பிடித்தார்கள். என்னோடு படிக்கும் பிள்ளை ஓடிவந்து சொல்லி நாங்கள் போனபோது அக்கா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். அவள் சொன்னது நடந்தேவிட்டது. எல்லோரும் அவளைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் போலீஸ் அக்காவுக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். “எங்க சித்தப்பா மகனுக்கும் இப்படித்தாங்க. கோயிலு கொளம்னு அலையாதீங்க. மதுரைப் பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னு தனியா டாக்டர் இருக்காங்க. வெள்ளனே கெளம்பிப் போங்க.” கேமராவைப் பறிகொடுத்த ஜோடியையும் அவரே பேசி அனுப்பிவைத்தார்.

மதுரையில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். அதுவரை போன இடத்திலெல்லாம் அப்பாவிடம் கேட்டார்கள், அம்மாவிடம் கேட்டார்கள். இவர் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளிடம் கேட்டார்.

“குரல் ஏதும் கேக்குதாம்மா?”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

“ஒருத்தர் கொரலா, ரெண்டு மூணு பேரா? உன்னைத் திட்டுதா, இல்ல நீ செய்யிறதச் சொல்லுதா?”

அக்கா பேச ஆரம்பித்தாள். அத்தனை மாதத்துப் பேச்சும் வந்தது. அப்பா நடுவில் “அப்படில்லாம் ஒண்ணும் கெடையாது” என்றபோது டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “அவ பொய் சொல்லலைங்க. நமக்குக் கேக்காது, அவளுக்கு நெசமாவே கேக்குது. நான் பேசுறது உங்களுக்கு எப்படிக் கேக்குதோ அப்படி.” அதைக் கேட்டதும் அக்கா மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மனச்சிதைவு நோய் என்று பெயர் சொன்னார். மூளையில் வருகிற நோய். வளர்ப்பாலோ காதலாலோ பேயாலோ வருவதில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போல நீண்ட காலம் மாத்திரை வேண்டும். தூக்கம் வரும், உடம்பு போடும், கை நடுங்கலாம். நடுங்கினால் அதற்கும் மருந்து உண்டு. “நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்திறாதீங்க. அது ஒண்ணுதான் நான் கெஞ்சிக் கேக்குறது” என்றார்.

“பேய் இல்லைங்களாம்மா?” என்று அப்பா மறுபடியும் கேட்டார்.

“இல்லைங்க.”

திரும்பும் பஸ் வத்தலக்குண்டைத் தாண்டியது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “பேயின்னா ஓட்டிரலாமேன்னு இருந்தேன்.”

மாத்திரை உடனே எதையும் செய்யவில்லை. அக்கா பகலெல்லாம் தூங்கினாள். தலையணையில் எச்சில் ஒழுகியது. நடக்கும்போது கைகள் வீசாமல் மரம்போல் நின்றன. அம்மா, “இதுக்கு முன்ன இருந்ததே தேவல” என்று அழுதாள். ஆனால் மாசி கழிந்து பங்குனி வெயில் வந்தபோது அவள் எழுந்து உட்கார ஆரம்பித்தாள். குரல் என்ன ஆனது என்று கேட்டேன். “பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருக்கு. என்ன சொல்றான்னு புரியல, புரியவும் வேணாம்” என்றாள். முடி குட்டையாக வளர்ந்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தாள். அம்மா திட்டவில்லை. அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. கோத்தகிரிப் பக்கம் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன். தேயிலை ஃபாக்டரியில் வேலை. அவர்களும் எங்களைப் போலக் கப்பலில் வந்தவர்கள்தான். கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தான் கண்ணை மூடிவிட்டால் மகளுக்கு யார் என்ற பயம்.

பெண் பார்க்க வருகிற அன்று காலை மாத்திரைப் பையை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

“அவுககிட்டச் சொல்லிருவோம்மா” என்றாள் அக்கா.

“வாயத் தொறந்த, கொன்னுபுடுவேன். காச்ச வந்து முடி எடுத்தோம்னு சொல்லிருக்கேன். கேட்டா அதையே சொல்லு.”

மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தார்கள். அவன் சாதுவான ஆள். உட்கார்ந்த இடத்தில் கால்களை ஒடுக்கி வைத்துக்கொண்டான். அக்கா டீ கொண்டுவந்தாள். கை லேசாக நடுங்கியது, தட்டில் கொஞ்சம் சிந்தியது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தாள். “என்னத்தா, கை நடுங்குது? பயமா?” என்று அன்பாகத்தான் கேட்டாள்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். “பயமில்லைங்க அத்தை. மாத்திரை சாப்புடுறேன். எனக்கு மனசுல ஒரு நோயி. காதுல சத்தம் கேக்கும். இப்ப நல்லா இருக்கேன். ஆனா விடாம சாப்புடணும்னு டாக்டரு சொல்லிருக்காங்க. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.”

மாப்பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. அதற்குள் அவன் அம்மா எழுந்துவிட்டாள். “நல்ல பொண்ணு. ஆனா எங்களுக்குத் தோதுப்படாது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டு மாத்திரைப் பையை எடுத்தாள். “இதுனாலதான் எல்லாம். நல்லா இருக்கிற புள்ளைய நோயாளின்னு ஊருக்குக் காட்டிக்குடுக்கிறது இதுதான்” என்று கத்திக்கொண்டே பின்கட்டுக்குப் போய்ப் பள்ளத்தில் வீசினாள். யூகலிப்டஸ் மரங்களுக்கு இடையில் அந்தப் பை உருண்டு போவதை நானும் அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுபடி மதுரைக்குப் போக நாள் இருந்தது. அதுவரை அக்கா நன்றாகத்தான் இருந்தாள். அம்மா, “பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கா” என்றாள். போக வேண்டிய நாளில் போகவில்லை. பிறகு வைகாசியில் ஒரு காலை அக்கா குடையை எடுத்தாள். வானத்தில் மேகமே இல்லை.

சில நாளில் அவள் காணாமல் போனாள். பகல் நேரம்தான், குளிப்பதற்கு வெந்நீர் வைத்துவிட்டு அம்மா திரும்பிப் பார்த்தபோது இல்லை. ஏரி, பஜார், பஸ் ஸ்டாண்டு எங்கும் இல்லை. சீசன் கூட்டத்தில் ஒரு பெண்ணை யார் கவனிக்கப் போகிறார்கள்? மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அப்பா அறைந்த அதே டிரைவர்.

“கெளாவரை பஸ்ஸுல ஏறுனதா கண்டக்டர் சொல்றாருண்ணே. ஏறுங்க, வெரசாப் போவோம்.”

அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறினார். அம்மாவும் நானும் பின்னால் ஏறினோம். கிளாவரை மலையின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் கேரளா. பாதை முழுவதும் பள்ளம். டிரைவர் ஒவ்வொரு காட்டோரமும் நிறுத்தி இறங்கிக் கேட்டார். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு பூண்டுக் காட்டுக் குடிசையில் அக்கா இருந்தாள். செருப்பில்லாமல் நடந்ததில் பாதம் கிழிந்திருந்தது. அந்தக் காட்டுக்காரர் வீட்டம்மா கம்பளி போர்த்தி, காலில் மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தாள். “யாரு என்னன்னு ஒண்ணும் சொல்லலங்க. போட்டோ புடிக்காத எடத்துக்கு வந்துட்டேன்னு மட்டும் சொல்லிக்கிட்டுக் கெடக்கு” என்றாள்.

அந்த ஜீப்பிலேயே மதுரைக்குப் போனோம். வழியில் ஓர் இடத்தில் நிறுத்தியபோது அப்பா டிரைவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வந்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். அவரும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அதே டாக்டர். அக்காவின் காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் இருந்தது கோபம்.

“மாத்திரைய யாரு நிறுத்துனது?”

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது. அப்பா தரையைப் பார்த்தார். சுவரோரம் கம்பளிக்குள் சுருண்டிருந்த அக்கா, பாதி மூடிய கண்ணோடு, தனக்குள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“நானேதான் நிறுத்துனேன் டாக்டர். அம்மா குடுத்தாங்க. நாந்தான் தூக்கிப் போட்டுட்டேன்.”

அம்மா அந்த அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் தாண்டிப் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அந்த நெலமையிலயும்…” என்றாள்.

இரண்டாவது முறை அக்கா முன்போலத் தெளியவில்லை. தெளிந்தாள், ஆனால் பங்குனியில் கேட்ட அந்தச் சிரிப்பு வரவே இல்லை. கடை வேலைக்குத் திரும்பவில்லை. இங்கிலீஷ் மெல்ல மறந்தது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஜீப் டிரைவர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டார். அப்பா சில வருடங்களில் இறந்தார். அம்மா அன்றிலிருந்து ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. தன் கையால் உரித்து, அக்காவின் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரில் நிற்பாள். அந்த டாக்டர் அறையில் நடந்ததைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா போனது சென்ற ஆடியில். சொந்தக்காரர்கள் கூடியதும் முதலில் அக்காவைத்தான் பார்த்தார்கள். அவளுக்குக் கிறுக்கு முற்றிவிடும் என்று ஒருவர் சொன்னார். தூக்க ஊசி போட்டுப் படுக்கவைத்துவிடலாம், சடங்கு முடியட்டும் என்றார் இன்னொருவர். அக்கா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். அவள் அடுப்படிக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

மாத்திரையை அவளே உரித்தாள். அம்மா செய்வதுபோல உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தாள். விழுங்கி, சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அம்மாவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.